பழுப்பு ஜோடி

கோத்தகிரியில் சுவர் என்றால் இரண்டடிக் கருங்கல்.
துளை போட வந்த ராயப்பன்
மூன்று பிட் ஒடிந்ததும் மிஷினைக் கீழே வைத்தார்.
"உள்ளே வேண்டாம் மேடம்,
சுவர் மேலேயே பட்டி அடிச்சுக் கொண்டுபோயிடலாம்."
ஆகவே எல்லோருக்கும் தெரியப்போகிறது
எந்த மேசைக்கு எத்தனை வயர் என்று.

வரைபடம் போடும் வேலை எனக்கு.
பச்சை இலைக் கணக்கு எழுதுகிறவளுக்கு
ஸ்கேல் பிடிக்கவும் தெரியும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.
பழைய நோட்டீஸின் பின்பக்கம் ஆபீஸை வரைந்து
ஜாக் வரும் இடமெல்லாம் பெருக்கல் குறி போட்டேன்.
மேனேஜர் போஜராஜுக்கு இரண்டு.
இரண்டு போனும் சேர்ந்து அடித்தால்
எதை முதலில் எடுக்கிறார் என்று பார்த்தே
அந்த வார இலை விலையைச் சொல்லிவிடுவோம்.
கிடங்குக்கு ஒன்று. ஏல விலை கேட்கும் மூலைக்கு ஒன்று.
எனக்கு ஒன்று.
பேனாவை மூடினேன்.

கோயம்புத்தூரிலிருந்து இரண்டு சுருள் மாதிரிக்கு வந்தது.
ஒன்று பாதி விலை.
ராயப்பன் பிளேடால் சுரண்டிக் காட்டினார்,
செம்புத் தோலுக்கு அடியில் வெள்ளை.
அலுமினியம்.
இரண்டு முறை மடக்கினால் முறியும்,
இந்த ஊர் ஈரத்துக்கு இரண்டு வருஷம் தாங்காது.
மேனேஜர் விலையை மட்டும் படித்தார்.
சுரண்டிய துண்டை
அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் சொருகிவிட்டு வந்தேன்.
மறுநாள் செக்கில் முழு விலை இருந்தது.

ஜாக்கிலும் இரண்டு ரகம்.
திருகு வைத்தது மலிவு.
ஐப்பசியில் திருகெல்லாம் பச்சை பூத்து
ரிசீவருக்குள் எண்ணெய்ச் சட்டி பொரியும்.
பழைய லைன் அப்படித்தான்.
சோலூர்மட்டத்திலிருந்து பேசுகிறவர்
"அங்கே மழையா?" என்பார்.
இங்கே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.
மற்ற ரகத்தில் களிம்பு அடைத்திருக்கும்.
அழுத்தினால் போதும்,
அதுவே கம்பியைக் கடித்துக்கொள்ளும்.
அதில் ஐந்து வாங்கினோம்.

கேபிளின் தோலை உரித்தால் நான்கு ஜோடி.
நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு.
ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு ஒரு வெள்ளை.
ஒரு போனுக்கு நீலம் போதுமே,
மீதி மூன்றும் எதற்கு என்று மேனேஜர்.
"பின்னால யாராவது வருவாங்க சார்."
"யாரு?"
ராயப்பனுக்குத் தெரியவில்லை.
எனக்கும்தான்.

மூன்றாம் நாள், பட்டி கிடங்குவரை போய்ச் சேர்ந்த மத்தியானம்,
போன் அடித்தது.
நான் வழக்கம்போல ஜன்னலைத் திறந்து
"தேவகாந்தி!" என்று கத்தினேன்.
எடைத் தராசை விட்டுவிட்டு
கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள்,
சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி,
சேற்றில் செருப்பை இழந்து, திரும்ப எடுத்து.
கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு அவள் வாங்குவதற்குள்
லைன் போய்விட்டது.
"பரவாயில்லக்கா, இலைக்காரங்கதான், மறுபடி கூப்பிடுவாங்க."

ராயப்பன் ஏணியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன்.
கொட்டகை அதில் இல்லை.
வேண்டுமென்று விட்டதல்ல,
நோட்டீஸ் அங்கே முடிந்துவிட்டது.

கிடங்கு ஜாக்கின் பின்னால்
சும்மா சுருண்டிருந்த பழுப்பு ஜோடியைப் பிரித்து
அங்கிருந்து நாற்பதடி நீட்டினோம்.
ஜாக் ஐந்துக்குத்தான் பில்.
கொட்டகையில்தான் ஈரம் அதிகம்,
அதனால் என் மேசைக்கு வைத்திருந்தது அங்கே போனது.
சுவரிலிருந்து கழற்றிப் போட்ட பழைய திருகு ஜாக்கைத்
துருவைச் சுரண்டி
என் பக்கம் மாட்டச் சொன்னேன்.
மேனேஜர் பட்டியை எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை.

ஆரஞ்சும் பச்சையும் இன்னும் சும்மாதான் கிடக்கின்றன.

ஐப்பசி முடிந்து
மலை கழுவித் துடைத்த மாதிரி இருந்த ஒரு காலை
கொட்டகையிலிருந்து முதல் கால்.
"நூத்தி நாப்பத்திரண்டு கிலோ, ஈரம் கழிச்சுட்டேன்."
எழுதிக்கொண்டேன்.
பிறகு அவள் கொஞ்சம் தயங்கி,
"ஏன்க்கா,
அங்கே மழையா?"